பொங்கல்படிக்கு வந்த குருத்து

தின்னட்டும். நன்றாக மென்று தின்னட்டும். இனிக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். ஒரு மரம் செத்தது நாக்குக்கு எப்படித் தெரியும்?

ஆவுடைத்தாய் இதை நினைத்துக்கொண்டே அரிவாள்மணையில் பனங்குருத்தை வில்லை வில்லையாக அரிந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தச்சநல்லூரில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முகத்தைத் துடைத்து வைத்துக்கொள்வது முதல் ஆறு மாதத்திலேயே அவளுக்குப் பழகிப்போயிற்று.

காலையில்தான் மதாரின் வண்டி வந்து பெட்டியை இறக்கிவிட்டுப் போயிருந்தது. ராதாபுரத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியின் ஓரத்தில் இருக்கும் செங்காட்டுவிளை அவள் பிறந்த ஊர். அங்கிருந்து கருப்பட்டி ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் வழி வரும் மதார்தான் ஒவ்வொரு தையிலும் அவளுடைய அண்ணன் சங்கரசுப்பிரமணியன் கொடுத்தனுப்பும் பொங்கல்படியைக் கொண்டுவருவார். கருப்பட்டி ஒரு கொட்டான், பனங்கிழங்கு நாலு கட்டு, மஞ்சள்குலை, ஒரு சேலை. இந்தக் கீலக வருஷத்துத் தையில் ஒன்றும் வரவில்லை. மாசி பிறந்து பத்து நாள் கழித்து இந்த ஓலைப்பெட்டி வந்தது. திறந்து பார்த்தால், ஈரத்துணியில் சுற்றி, வெள்ளைவெளேரென்று, ஒரு குழந்தையின் தொடைக் கனத்தில் குருத்து. வேறு எதுவும் இல்லை.

"தை போயி மாசியும் பொறந்தாச்சு. ஒங்க அண்ணாச்சிக்கு இப்பத்தான் பொங்கலாக்கும்," என்றாள் பிரம்மநாயகி. அவள் மூத்த ஓரகத்தி. வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்கும். சொல்லிக்கொண்டே ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்றை எடுத்தாள். "ஆனா ருசிக்கு. இளந்தேங்கா மாதிரில்லா இருக்கு. கொஞ்சம் வெல்லத்தத் தட்டிப் போட்டு அவியளுக்குக் கொண்டு போ."

அவிய என்றால் சிவசண்முகம். பிரம்மநாயகியின் புருஷன், ஆவுடைத்தாய்க்கு மூத்தார். தாலுகா கச்சேரியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அன்று ஞாயிற்றுக்கிழமையானதால் பட்டாசாலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஆவுடைத்தாய் நிற்பதில்லை, பேசுவதுமில்லை. தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். பிரம்மநாயகி எடுத்துப்போய்க் கொடுத்தாள். அவருடைய தம்பி, ஆவுடைத்தாயின் புருஷன் தில்லைநாயகமும் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கை எடுத்தான். ஆறு வயது மகள் கோமு அப்பாவின் மடியில் ஏறி அவன் கையிலிருந்ததைப் பிடுங்கித் தின்றாள்.

"பேஷ்," என்றார் சிவசண்முகம். "இது நம்ம வாழைத்தண்டு கணக்காத்தான். ஒண்ணச் சாய்ச்சா பக்கத்துல கன்னு கெளம்பிரும், என்னலே? தண்ணியில்லாத காடுன்னு பேரு. நாக்குக்கு ருசியாத்தான் தின்னுதானுவ."

"ஆமா அண்ணாச்சி," என்றான் தில்லைநாயகம்.

"இவதான் வந்த புதுசுலயே சொன்னாளே," என்றாள் பிரம்மநாயகி. "விருந்தாளி வந்தா குருத்து வெட்டுவாங்களாம். நமக்குத்தான் இத்தனை வருசமா அனுப்ப மனசு வரல."

"அம்மா, மாமா வீட்டுல தெனமும் இதுதான் தின்பாவளா?" என்று கோமு உள்ளே பார்த்துக் கேட்டாள்.

ஆவுடைத்தாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பிரம்மநாயகி சொன்னது உண்மைதான். ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் அப்படித்தான் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து வந்த மறுநாள் காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது பிரம்மநாயகி குளிப்பிடத்தை எட்டிப் பார்த்தாள். தரை பாதிதான் நனைந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் கால்வாய் இரு கரையும் முட்டிக்கொண்டு ஓடுகிறது. அண்டா நிறையத் தண்ணீர் இருக்கிறது. புதுப்பெண் மூன்று செம்பில் குளித்து முடித்திருக்கிறாள். அன்றைக்கே அந்தத் தெருவில் அவளுக்கு மூணுசெம்பு என்று பேர் விழுந்துவிட்டது. அவள் ஊரில் மூன்று செம்பு என்பது கல்யாணப் பெண்ணுக்குக் கிடைக்கும் தாராளம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சோறு. மூன்று வேளையும் நெல்லுச்சோறு. வடித்த கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றினார்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது அவள் கை தானாக நீண்டுவிட்டது. பிரம்மநாயகி அந்தக் கையைப் பார்த்தாள். நாலாம் மாதம் ஒரு வளைகாப்புக்குப் பெண்டுகள் கூடியிருந்த இடத்தில் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏளா மூணுசெம்பு, ஒங்க ஊர்ல நல்ல நாளைக்கு என்ன செய்வீங்க? கூழுக்கு உப்புப் போடுவீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவள் வாயிலிருந்து அது வந்தது. "எங்க ஊர்ல விருந்தாளி வந்தா பனங்குருத்து வெட்டுவோம். கரும்பா இனிக்கும். இங்கன அதைக் காசு குடுத்தாலும் வாங்க முடியாது."

சிரிப்பு நின்றது. ஒருத்தி, அது எப்படி இருக்கும் என்று கேட்டாள். ஆவுடைத்தாய் நிறம் சொன்னாள், ருசி சொன்னாள், வெல்லம் தட்டிப் போட்டால் எப்படி என்று சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. அவ்வளவு சுகமாக அவள் அதற்கு முன்னும் பின்னும் பொய் சொன்னதில்லை.

அவளுக்கு ஏழு வயதில் ஒரு மழையில்லாத வருஷம் வந்தது. அவள் தகப்பனார் ஊர்க் கணக்குப்பிள்ளை, கௌரவமான வீடு. மரத்தை வெட்டிக் குருத்து எடுத்தார் என்று ஊர் சொல்லிவிடக் கூடாதென்று மற்றவர்கள் கண்ணில் படாத நேரத்தில் ஆள் வைத்து வெட்டினார். மட்டையையும் மரச்சிராய்களையும் தேரிமணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவளும் கைநிறைய மணல் அள்ளிப் போட்டாள். முதல் நாள் குருத்து இனித்தது. மூன்றாம் நாள் வயிறு முறுக்கிக்கொண்டது. ஏழாம் நாள் அதன் வாசனை வந்தாலே அம்மா வாசலுக்கு எழுந்து போனாள். தின்றதைச் சொல்லாதே என்றார் அப்பா. ஊருக்குச் சொல்லக் கூடாது, உறவுக்குச் சொல்லக் கூடாது.

அவள் சொல்லவில்லை. விருந்து என்றுதான் சொன்னாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தூக்கில் சோறும் சொதியும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறந்து கால்வாய்க்கரைக்குப் போனாள். மதார் மாடுகளை நீரில் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். கருப்பட்டி மிகவும் குறைவு என்றும், திரும்பிப் போகப் பாரம் கிடைக்கும்வரை நாலைந்து நாள் இங்கேதான் என்றும் காலையில் சொல்லியிருந்தார்.

"எத்தனை மரம் அண்ணாச்சி?" என்று கேட்டாள். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவர் மாட்டின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஒங்க ஐயா வீட்டுக்குப் பின்னால வச்சது பதினொண்ணு. இப்ப ரெண்டு நிக்கி தாயி."

"பனையேறுத ஆளு?"

"பாதிப்பேரு தூத்துக்குடி போயி கொழும்புக்குக் கப்பலேறிட்டானுவ. மீதி ஆளு இங்கன அறுப்புக்கு வாரதுக்கு மூட்டை கட்டிட்டு நிக்கான். ரெண்டு வருசமா மழை இல்ல. கம்பு மொளைக்கவே இல்ல. கெணத்துல சேறு." அவர் சற்று நிறுத்தினார். "கார்த்திகையில ஒங்க மூத்தாரு பஞ்சம் உண்டான்னு பாக்க வந்தாவல்ல? சம்பந்தி வீட்டு ஆளு, கூழ ஊத்த முடியுமா? மூணு வீட்டுல அரிசி வாங்கித்தான் ஆக்கிப் போட்டாவ. பாயசத்தோட."

அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் சிவசண்முகம் தென்காட்டு ஊர்களில் சோற்றுக்குத் தட்டுப்பாடில்லை என்று கலெக்டர் துரைக்கு எழுதினார். வந்த அன்றைக்கு அவரே பட்டாசாலையில் சிரித்துச் சொன்னது ஆவுடைத்தாய்க்கு நினைவிருந்தது. அப்போது அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை என்று நினைத்தாள்.

"ஆள் வச்சா வெட்டினான்?"

"அண்ணாச்சியேதான் கோடாலியத் தூக்குனாரு. பட்டப்பகல்ல. மட்டையெல்லாம் தெருவாசல்லயே கெடக்கு. மறைக்கல."

ஆவுடைத்தாய்க்கு அதுதான் உறைத்தது. பசி, சேறு, கப்பல் எல்லாவற்றையும்விட அந்த மட்டை தெருவாசலில் கிடப்பது.

"என்ன சொல்லச் சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லாண்டாம், அவ கண்டா தெரிஞ்சுக்கிடுவா. மத்தத அவ பாத்துக்கிடுவான்னாரு." மதார் தூக்கை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். அவள் என்ன பார்த்தாள்? வெல்லம் தட்டிப் போட்டாள்.

திரும்பி வரும்போது அவள் தன்னையே துருவிக் கேட்டுக்கொண்டாள். எதற்குப் பயந்தாய்? அந்த வீட்டில் யாரும் அவளை அடித்ததில்லை. சோற்றுக்குக் குறை வைத்ததில்லை. ஒன்பது வருஷத்தில் கையும் கழுத்தும் சதை போட்டிருக்கின்றன. போன வருஷம் தைத்த ரவிக்கை இந்த வருஷம் பிடிக்கிறது. அவள் பயந்தது பிரம்மநாயகியின் ஒரே ஒரு சிரிப்புக்கு. அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யாக்கும் என்று அவள் கேட்டுச் சிரித்துவிடுவாள் என்பதற்கு. பதினொன்றில் ஒன்பது மரம் ஒரு தட்டில் இருந்தது, அந்தச் சிரிப்பு மறு தட்டில் இருந்தது. சிரிப்புத்தான் கனத்தது. இதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு, இத்தனை வருஷம் அந்த வீட்டின்மேல் சேர்த்து வைத்திருந்த வெறுப்பைவிடக் குறைவாக இல்லை.

சொல்லிவிடலாம் என்று திங்களன்று நினைத்தாள். செவ்வாயன்றும் நினைத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் நினைத்துக்கொண்டே இருக்க வழியில்லாமல் போயிற்று.

அன்று சிவசண்முகம் கச்சேரியிலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கும்போதே தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வயல்காரியம் பார்க்கும் பாபநாசம் அறுப்புக்கு ஆள் பேச வந்து காத்திருந்தார். இரண்டு பேரும் பட்டாசாலையில் பேசியது கதவுக்குப் பின்னால் நன்றாகக் கேட்டது.

"தெக்க பஞ்சத்துக்கு ரோட்டுவேலை தொறக்கப் போறாவளாமே," என்றார் பாபநாசம். "கல்லு ஒடைச்சா கூலி, புள்ளைகளுக்குக் கஞ்சின்னு பேச்சு. அப்படித் தொறந்தா அறுப்புக்கு ஒரு ஆளு வருமா? நம்ம ஊரு ஆளு கேக்குததத்தான் குடுக்கணும். தெக்கத்தியான் வந்தாத்தான் இவனுவ வாய மூடுவான்."

"தொறக்க மாட்டாவ வே. நான் எழுதிட்டேன்லா."

"பெறகு எதுக்கு மொகம் வாடியிருக்கு?"

"செங்காட்டுவிளைக்காரன் அறுபது பேரு தொரைக்கு மனுப் போட்டிருக்கான். மரத்த வெட்டிக் குருத்தத் தின்னுதோம், வேற இல்லைன்னு. அது அங்கன வழக்கந்தான், இனிப்புப் பண்டம்னு நான் பதில் எழுதினேன். வழக்கம்னு அந்த ஊரு ஆளு யாராவது எழுதிக் குடுத்ததக் கொண்டுவான்னு தொரை திருப்பிட்டாரு. நாளைக்கு உச்சிக்குள்ள வைக்கணும்."

"மனுவுல மொதக் கையெழுத்து யாரு?"

"யாரு. நம்ம சம்பந்திதான்."

பாபநாசம் மெதுவாகச் சிரித்தார். "அப்ப மருந்து ஒங்க வீட்டுக்குள்ளயே இருக்கு. அண்ணன் கையெழுத்துக்குத் தங்கச்சி கையெழுத்து."

விளக்கேற்றிய பிறகு பிரம்மநாயகி காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆவுடைத்தாய்க்குத் தெரியும், கணக்குப்பிள்ளை பெண் என்று அதற்கும் இந்த வீட்டில் கேலி உண்டு. மூத்தாரின் மணிமணியான எழுத்து. எங்கள் ஊரில் பனங்குருத்தை விருந்து விசேஷங்களில் இனிப்புப் பண்டமாக உண்பது தொன்றுதொட்ட வழக்கம். அதை உண்பதைக் கொண்டு அங்கே பஞ்சம் என்று கொள்ளலாகாது. இப்படிக்கு, காலஞ்சென்ற கணக்குப்பிள்ளை குமாரத்தி என்று எழுதிக் கீழே இடம் விட்டிருந்தது.

"நீ சொன்னதத்தான் எழுதியிருக்காவ. ஒரு எழுத்துக் கூட்டல," என்றாள் பிரம்மநாயகி. "அவிய சும்மா கேக்கல ஏளா. பத்தாயத்துல கார்நெல்லு கெடக்கு. மதார் வண்டி வெறுமனே தான திரும்புது, பன்னெண்டு மூடை ஏத்திவிடச் சொல்லுதாவ. ஒங்க அண்ணன் வீட்டுக்கு. அடுத்த மழை வரைக்கும் அவன் குடும்பம் தாங்கும். எந்தச் சம்பந்தி செய்வான் இப்படி?"

"அறுபது வீடு இருக்கே அக்கா."

"அறுபது வீட்டுக்கும் நாம வாழ்க்கைப்பட்டிருக்கோமா?" அவள் குரல் உயரவில்லை. "மூணு செம்புத் தண்ணியில குளிச்சவளுக்கு ஆத்தைக் காட்டியிருக்கு இந்த வீடு. காலையில போட்டுரு. போட மனசில்லைன்னா மூடைக்குப் பதிலா நீ ஏறிக்கோ. ஒன் மகள் இங்கன இருக்கட்டும், அவ இந்த வீட்டுப் பிள்ளை."

சாப்பிட்டு முடித்துத் தில்லைநாயகம் முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவள் போய்ச் சற்றுத் தள்ளி நின்றாள்.

"போட்டுரு ஏளா," என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்பே. "ஒங்க அண்ணன் புள்ளையளாவது வயிறாரத் தின்னும்."

"ஒண்ணு கேக்கட்டுமா? குருத்து வெட்டுன மரம் என்னாகும்?"

"என்னாகும்? அடியில கன்னு வரும்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாழைத்தோப்பிலும் நெல்வயலிலும் முப்பத்தைந்து வருஷம் நடந்த மனிதன். அவனுக்குத் தெரிந்த மண்ணில் எதை வெட்டினாலும் பக்கத்தில் இன்னொன்று முளைத்துவிடும். வெட்டியது வெட்டியதுதான் என்று ஒரு மரம் இருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"பனைக்குக் கன்னு கெடையாது," என்றாள். "குருத்து எடுத்தா மரம் செத்துப்போகும். கொட்டை போட்டா பாளை விட இருபது வருசம். பதினி அதுலதான், கருப்பட்டி அதுலதான், கூரை அதுலதான், தை மாசக் கெழங்கும் அதுலதான். விருந்துக்கு யாரும் வெட்ட மாட்டாவ. வேற ஒண்ணும் இல்லன்னாத்தான் வெட்டுவாவ. நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி."

தில்லைநாயகம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினான். நிஜமாகவே அவன் முகம் மாறிற்று. அவளுக்கு ஒரு கணம் ஏதோ நம்பிக்கை வந்தது. அப்புறம் அவன் எழுந்து போய் முற்றத்து ஓரத்தில் துப்பிவிட்டு வந்தான்.

"இப்பத் தெரிஞ்சு என்ன செய்ய?" என்றான். "எழுதினது எழுதியாச்சு. அண்ணாச்சிக்கு இந்த வருசம் உத்தியோகத்துல ஒசத்தி வர வேண்டியது, தெரியும்லா. அவிய மொகத்துல கரியப் பூசிட்டு அதே வீட்டுல எப்படிச் சோறு திங்க? நீ பொய்யின்னு யாருகிட்டயும் சொல்லாண்டாம். எங்கிட்டச் சொன்னதும் சொல்லாததாவே இருக்கட்டும்."

ஊருக்குச் சொல்லாதே, உறவுக்குச் சொல்லாதே. அப்பாவும் இதைத்தான் சொன்னார். அவர் சொன்னதில் வெட்கம் இருந்தது. இவன் குரலில் அதுகூட இல்லை. வசதியாக இருக்கிறவனின் குரல், அவ்வளவுதான்.

அவள் படுத்தாள். அண்ணனின் மூன்று பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள். கடைசிப் பிள்ளையை அவள் இன்னும் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு மூடை என்பது அந்தப் பிள்ளைக்கு நிஜமான சோறு. அண்ணன் அதை வாங்கித் தின்பானா? தின்பான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் தின்ன மாட்டார்கள். அறுபது வீட்டுக்கு நடுவில் ஒரு வீட்டில் மட்டும் நெல் குத்துகிற சத்தம் கேட்கும். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன் வீட்டில். தங்கை எதை விற்று அதை அனுப்பினாள் என்று ஊர் கேட்க வேண்டியதில்லை, காகிதம் கச்சேரியிலிருந்து கிராமத்துக்கு நடந்தே வந்துவிடும். மற்ற வீட்டுக்காரர்கள் ரோட்டுவேலைக்குக் காத்திருந்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் நடந்து இந்தக் கால்வாய்க்கரைக்கு வந்து, பாபநாசம் நீட்டுகிறதை வாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு இவள் வீட்டு மாட்டுத் தொட்டியில் வடிகஞ்சி இருக்கும்.

காலையில் அவள் எழுந்தபோது முன்வாசலில் மூடை விழுகிற சத்தம் கேட்டது. பாபநாசம் இரண்டு ஆட்களை வைத்து ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் போட்டுவிடுவாள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஏற்றி முடித்த வண்டியைப் பார்த்துவிட்டால் அவள் கை தானாக நீளும் என்று நினைத்திருப்பார்கள். முன்னொரு நாள் கஞ்சிக்கு நீண்ட கைதானே.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு உள்ளே வந்தாள். கணக்கு எழுதுகிற சாய்ப்பெட்டியின்மேல் காகிதமும் மைக்கூடும் கட்டைப்பேனாவும் தயாராக இருந்தன. சிவசண்முகம் கோட்டுப் போட்டுக்கொண்டு, பட்டாசாலையில் வாசலைப் பார்த்தபடி நின்றார். அவளைப் பார்த்துப் பேசுவது முறையில்லை என்பதால் அவர் கண் வண்டியில் இருந்தது.

"சீக்கிரம் போடச் சொல்லு," என்றார் மனைவியிடம். "ஜட்கா வந்திரும்."

பிரம்மநாயகி பேனாவை மையில் தொட்டு நீட்டினாள். "இந்தா."

ஆவுடைத்தாய் அதை வாங்கவில்லை. "நான் வந்த புதுசுல குருத்தைப் பத்திச் சொன்னது பொய்யி அக்கா," என்றாள். "ஒங்க எல்லாருக்கும் முன்னால வெக்கமா இருந்துது. அதனால விருந்துன்னு சொன்னேன். எங்க வீட்டுல சோத்துக்கு இல்லாமத்தான் அதைத் தின்னோம்."

எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. பிரம்மநாயகி சிரிக்கத்தான் செய்தாள். "கேட்டியளா? ஒம்பது வருசமா நம்மள ஏமாத்தியிருக்கா, பாருங்க," என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அந்தச் சிரிப்பு தன்னை என்ன செய்கிறது என்று ஆவுடைத்தாய் நின்று பார்த்தாள். காது சூடாயிற்று. அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை.

சிவசண்முகம் சிரிக்கவில்லை. "பொய்யோ நெசமோ, அது வீட்டுக்குள்ள. காகிதத்துல என்ன இருக்கணுமோ அது இருக்கணும்," என்றார் வாசலைப் பார்த்தே. "மூடை ஏத்தியாச்சு. அவ அண்ணன் புள்ளையளுக்குத்தான். அதையும் சொல்லு."

பேனா நுனியிலிருந்து ஒரு சொட்டு மை பிரம்மநாயகியின் விரலில் வழிந்தது. அவள் கையைப் பின்னால் இழுக்கவில்லை. தூணோரம் தில்லைநாயகம் கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோமு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடைத்தாய் நிலைப்படியைத் தாண்டிப் பட்டாசாலைக்கு வந்தாள். மூத்தாருக்கு முன்னால் அவள் நடப்பது அதுதான் முதல் தடவை. அவர் ஒதுங்கிக்கொண்டார், பழக்கம். வாசலில் மதார் மாடுகளைப் பூட்டிவிட்டுக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

"மதார் அண்ணாச்சி," என்றாள். "மூடையை இறக்கிருங்க."

அவர் கயிற்றை விடாமல் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "தாயி, அங்கன புள்ளைக..." என்று தணிந்த குரலில் தொடங்கினார்.

"தெரியும்."

அவர் இன்னும் நின்றார். பின்னால் பிரம்மநாயகி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், மூணுசெம்பு என்று இல்லாமல் முழுப்பேரை. ஆவுடைத்தாய் திரும்பவில்லை.

"வெறும் வண்டியாவே போங்க, நானும் ஏறல," என்றாள் பைய. "எங்க அண்ணன் கேட்டா, தங்கச்சி கையெழுத்துப் போடலைன்னு மட்டும் சொல்லுங்க."